குடும்ப வீடியோவை வட்டில் ஏற்றுதல்: ரைட்டர் தேர்வும் மென்பொருள் தேர்வும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து வீடுகளில் குடும்ப வீடியோக்கள் பெரும்பாலும் நான்கு வடிவங்களில் கிடக்கின்றன. 1990களில் நடந்த கல்யாணமும் காதுகுத்தும் விஎச்எஸ் கேசட்டில் இருக்கும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்டுடியோக்காரர்கள் அதே நிகழ்ச்சிகளை இரண்டு மூன்று விசிடிகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஹேண்டிகேம் வைத்திருந்த வீடுகளில் மினிடிவி கேசட்டுகள் சேர்ந்தன. அதன் பிறகு டிவிடி வந்தது. இன்று மெமரி கார்டும் பென் டிரைவும் போதுமென்றாகிவிட்டது. இந்த நான்கையும் ஒழுங்குபடுத்தி, பார்க்கவும் பாதுகாக்கவும் ஏற்ற வட்டுகளாக மாற்றுவதற்கான கருவிகளையும் மென்பொருள்களையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

வேலையைத் தள்ளிப்போட முடியாத நிலை இப்போது உருவாகியிருக்கிறது. விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அந்தத் தயாரிப்பை நிறுத்தியது. இந்தியாவின் பெரிய வெற்று வட்டுத் தயாரிப்பாளரான மோசர் பேர் 2018இல் கலைப்புக்கு உள்ளானது. பதியக்கூடிய ப்ளூ-ரே வட்டு, மினிடிவி கேசட் ஆகியவற்றின் உற்பத்தியை 2025 பிப்ரவரியுடன் சோனி முடித்துக்கொண்டது. டிவிடி வட்டும் ரைட்டரும் இன்னும் கிடைக்கின்றன. தெரிவுகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

தேர்வு செய்யும் வரிசை முக்கியம். எந்தக் கருவியில் பார்க்கப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கேற்ற வட்டு, வட்டுக்கேற்ற ரைட்டர், கடைசியாக மென்பொருள் என்று போவதே சரி. கடையில் ரைட்டரை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றை அதற்குப் பொருத்தப் பார்ப்பதில்தான் பெரும்பாலான வீண்செலவு நேர்கிறது.

பார்க்கப்போகும் கருவி

வீட்டில் தாத்தா பாட்டி பயன்படுத்தும் டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது என்றால், டிவிடி வீடியோ வடிவமே அதற்குப் பொருத்தம். அந்த வடிவத்தின் விதிகள் கறாரானவை. இந்தியா பின்பற்றும் பால் முறையில் படத்தின் அளவு 720×576 புள்ளிகள், விநாடிக்கு 25 சட்டங்கள். படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும் (பின்னால் சொல்லப்படும் சில சிறிய அளவுகளும் எம்பெக்-1 சுருக்கமும் விதிவிலக்கு). அதன் வேகம் விநாடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் கணினியில் ஓடும் வட்டு பிளேயரில் ஓடாது.

டிவியிலேயே யூஎஸ்பி துளை இருந்தால் எம்பி4 கோப்பு போதும். படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி என்ற சேர்க்கையை இன்றைய டிவிகள் சிக்கலின்றி ஓட்டுகின்றன. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை அதற்கேற்ப இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் உள்ள உறவினருக்கு வட்டு அனுப்புவதாக இருந்தால் முறை வேறு. அங்கே வழக்கத்தில் இருந்தது என்டிஎஸ்சி: 720×480 புள்ளிகள், விநாடிக்கு 29.97 சட்டங்கள். இந்தியப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அமெரிக்கப் பிளேயர்கள் பல பால் வட்டை ஓட்டாது. அத்தகையவர்களுக்கு எம்பி4 கோப்பை அனுப்புவதே தலைவலி இல்லாத வழி. அங்கிருந்து வந்த பழைய கேசட்டும் என்டிஎஸ்சியாக இருக்கலாம் என்பதால், படியெடுக்கும் முன் அதைக் கவனிக்க வேண்டும்.

ரைட்டரைத் தேர்ந்தெடுத்தல்

டிவிடி ரைட்டர்கள் இரண்டு உருவத்தில் கிடைக்கின்றன. கணினிப் பெட்டிக்குள் சாட்டா இணைப்பில் பொருத்தும் அகல ரைட்டர் ஒன்று. யூஎஸ்பி கம்பியில் தொங்கும் மெல்லிய வெளி ரைட்டர் மற்றொன்று. பெட்டியில் இடம் இருந்தால் அகல ரைட்டரே மேல். மோட்டார் உறுதியானது, மின்சாரம் நேரடியாகப் பவர் சப்ளையிலிருந்து வருகிறது, நாள் முழுக்க வட்டு எழுதினாலும் தாக்குப்பிடிக்கும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் அதற்கான 5.25 அங்குலத் திறப்பே இல்லை. மடிக்கணினிகளிலும் ரைட்டர் போய்விட்டது. ஆகவே பெரும்பாலோர் வாங்குவது வெளி ரைட்டர்தான்.

வெளி ரைட்டரில் கவனிக்க வேண்டியது மின்சாரம். எழுதும்போது அது 1 ஆம்பியர் வரை இழுக்கும். கணினியின் முன்பக்க யூஎஸ்பி துளையிலோ, மலிவான ஹப்பிலோ செருகினால் எழுதும் நடுவில் தொடர்பு அறுந்து வட்டு வீணாகும். மேசைக் கணினியில் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருக வேண்டும். இரண்டு யூஎஸ்பி முனை கொண்ட கம்பியோடு வரும் ரைட்டர் என்றால் இரண்டு முனையையும் செருகுவது நல்லது.

பெட்டியின் மேல் அச்சிட்ட 24 மடங்கு, 22 மடங்கு என்ற வேகங்களைப் பார்த்து வாங்கத் தேவையில்லை. டிவிடியின் ஒரு மடங்கு என்பது விநாடிக்கு ஏறத்தாழ 1.385 எம்பி. முழு வட்டை 16 மடங்கில் எழுத ஆறு நிமிடமும், 8 மடங்கில் எட்டு ஒன்பது நிமிடமும், 4 மடங்கில் கால் மணி நேரமும் ஆகும். குடும்ப வீடியோவுக்கு 8 மடங்கே போதும். மெல்லிய ரைட்டர்களும் அந்த வேகத்தைத் தருகின்றன. 16 மடங்குக்குத் தகுதியுள்ள வட்டை 4 அல்லது 8 மடங்கில் எழுதினால் பிழைகள் குறைவாக வருவது வழக்கம். மிக மிகக் குறைந்த வேகம் இன்னும் நல்லது என்று நினைப்பது சரியல்ல; வட்டின் சாயம் அதற்கென வகுக்கப்பட்ட வேகங்களில்தான் ஒழுங்காகப் பதிகிறது.

ரைட்டரின் பெயருக்குப் பின்னால் உள்ள தயாரிப்பாளர்கள் மிகச் சிலர். எல்ஜி பெயரில் வருவது ஹிட்டாச்சி-எல்ஜி கூட்டு நிறுவனத்தின் சரக்கு. ஏசஸ், லைட்-ஆன் ஆகியவையும் சந்தையில் உண்டு. சோனி ஆப்டியார்க், சாம்சங் என்ற பெயர்களில் இன்று கிடைப்பவை பழைய இருப்பு அல்லது பிரித்தெடுத்த சரக்கு. பயன்படுத்திய ரைட்டரை வாங்கினால் மூன்று சோதனை செய்துவிட வேண்டும்: தட்டு தயங்காமல் வெளியே வருகிறதா, அச்சிட்ட சினிமா டிவிடியைப் படிக்கிறதா, ஒரு வெற்று வட்டை முழுதாக எழுதிச் சரிபார்ப்பில் தேறுகிறதா. தட்டு தயங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள், அது மாற்றக்கூடியது. எழுதுவதில் தோல்வி என்றால் லேசர் தேய்ந்திருக்கலாம். அதை வாங்கக் கூடாது.

ப்ளூ-ரே ரைட்டர் தேவையா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள். பிளேயரில் போட்டுப் பார்ப்பதற்கு என்றால் தேவையில்லை. அந்தப் பிளேயர் உள்ள வீடு அரிது. பாதுகாப்புக்கு என்றால் யோசிக்கலாம்: ஒரு வட்டில் 25 ஜிபி கொள்ளும், ஒரு மணி நேர மினிடிவி கேசட்டின் 13 ஜிபியைச் சுருக்காமல் அப்படியே வைக்கலாம். எம்-டிஸ்க் முத்திரை உள்ள ரைட்டரானால் கரிமச் சாயத்துக்குப் பதில் கனிமப் படலம் கொண்ட நீடித்த வட்டுகளையும் எழுதும். எம்-டிஸ்க் டிவிடியை எழுதத்தான் தனி ரைட்டர் வேண்டும். படிக்க எந்த டிவிடி டிரைவும் போதும்.

வெற்று வட்டு

ரைட்டரைவிட வட்டின் தரமே ஆயுளைத் தீர்மானிக்கிறது. டிவிடியின் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்ற இரண்டு வகைகளில் மைனஸ் ஆர் 1997இலும் பிளஸ் ஆர் சில ஆண்டுகள் கழித்தும் வந்தன. பழைய பிளேயர்கள் மைனஸ் ஆரை எளிதாக ஏற்கும். பிளஸ் ஆர் வட்டை எழுதும்போது அதன் வகைக்குறியை அச்சிட்ட டிவிடியான டிவிடி-ரோம் என்று காட்டச் செய்தால் பழைய பிளேயரும் பெரும்பாலும் ஏமாந்து ஓட்டிவிடும். இம்க்பர்ன் மென்பொருளில் இந்த வசதி உண்டு, ரைட்டரும் அதற்கு இசைய வேண்டும். ஆர்டபிள்யூ வட்டை அழித்து அழித்து எழுதலாம் என்பதால் சோதனை ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மெனு சரியாக வருகிறதா, ஒலி ஒத்துப்போகிறதா என்று அதில் பார்த்துவிட்டு, பிறகு இறுதி வட்டை எழுதினால் வட்டு வீணாகாது.

இரட்டை அடுக்கு வட்டில் 8.5 ஜிபி கொள்ளும். அடுக்கு மாறும் இடத்தில் சில பிளேயர்கள் ஒரு நொடி தடுமாறும். சில ஓடவே ஓடாது. நீண்ட கல்யாண வீடியோவுக்கு இரண்டு ஒற்றை அடுக்கு வட்டுகளே நம்பகமானவை.

அட்டையில் உள்ள பெயரும் வட்டைச் செய்த ஆலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வட்டை ரைட்டரில் போட்டு இம்க்பர்னைத் திறந்தால் வலப்பக்கத்தில் ஊடகக் குறியீடு தெரியும். எம்பிஐ என்று தொடங்கினால் மோசர் பேர் ஆலையின் பழைய இருப்பு. சிஎம்சி என்றால் தைவானின் சிஎம்சி மேக்னட்டிக்ஸ். எம்சிசி என்றால் வெர்பாட்டிம் பயன்படுத்திய மிட்சுபிஷி சாயம். 50 வட்டு அடுக்கிய டப்பாவை வாங்கும் முன் அதே சரக்கில் சில்லறையாக இரண்டு மூன்று வாங்கி எழுதிச் சரிபார்ப்பது நல்லது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடைக்காத வகையை மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ தேடலாம்.

கேசட்டிலிருந்து கணினிக்கு

மினிடிவி கேசட்டில் படம் ஏற்கெனவே எண்முறையில்தான் உள்ளது. அதை மாற்றாமல் அப்படியே எடுக்க ஃபயர்வயர் இணைப்பு வேண்டும். அந்தக் கால கேமராக்களில் இருந்த யூஎஸ்பி துளை பெரும்பாலும் புகைப்படத்துக்கும் தரம் குறைந்த படத்துக்கும் மட்டுமே பயன்பட்டது. மேசைக் கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் அட்டை ஒன்றைப் பொருத்தி, கேமராவின் நான்கு ஊசித் துளையிலிருந்து கம்பி இழுக்க வேண்டும். விண்டோஸில் கேமரா தெரியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் லெகசி வகை 1394 டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். படியெடுக்க வின்டிவி என்ற சிறிய இலவச மென்பொருள் போதும்.

விஎச்எஸ் கேசட்டுக்கு ஓடும் விசிஆர் ஒன்றும் யூஎஸ்பி கேப்சர் கருவியும் தேவை. சந்தையில் ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகளோடு வரும் மலிவுக் கருவிகள் பல உள்ளன. விண்டோஸ் 10, 11 டிரைவர் உள்ளதா, திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டு வாங்க வேண்டும். விசிஆரில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் கம்பியை விட்டு அதையே பயன்படுத்தலாம். நிறம் கசிவது குறையும்.

கேசட்டைப் போடுமுன் ஜன்னல் வழியே நாடாவைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரம் பல ஆண்டுகளாகச் சேர்ந்து நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை படிந்திருக்கும். அதை ஓட்டினால் பூஞ்சை விசிஆரின் தலையில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். அத்தகைய கேசட்டை நாடா சுத்தம் செய்பவரிடம் கொடுப்பதே சரி. நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு படியெடுத்தால் ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரியும்.

படியெடுக்க வெர்ச்சுவல்டப்2 ஏற்றது. 720×576, விநாடிக்கு 25 சட்டம் என்று அமைத்து, ஹஃப்யூவி அல்லது லகரித் என்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 40 ஜிபி ஆகும். ஓடும்போதே விடுபட்ட சட்டங்களின் எண்ணிக்கையை அது காட்டும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஒலியும் படமும் விலகும். தேய்ந்த நாடாவின் நேரக் குறிப்பு தள்ளாடுவதே அதற்குக் காரணம். டைம் பேஸ் கரெக்டர் உள்ள விசிஆர் இதைச் சரிசெய்யும்; அது கிடைக்காவிட்டால், அனலாக் உள்ளீட்டை ஏற்கும் மினிடிவி கேமரா வழியாகவோ டிவிடி ரெக்கார்டர் வழியாகவோ சிக்னலைக் கடத்தினாலும் பல கேசட்டுகள் ஒழுங்குக்கு வரும்.

பழைய விசிடியிலிருந்து மீட்பு

விசிடியில் படம் 352×288 புள்ளிகள், எம்பெக்-1 சுருக்கம். அதன் பகுதிகளில் சாதாரணத் தரவு வட்டில் உள்ள இரண்டாம் அடுக்குப் பிழைதிருத்தம் இல்லை. இடத்தை மிச்சப்படுத்த அது விடப்பட்டது. அதனால் சிறு கீறலும் படத்தில் கட்டங்களாகத் தெரியும். மேலும் சிடியின் பிரதிபலிப்புப் படலம் எழுத்து உள்ள மேற்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப்பூச்சு ஒன்றின் அடியில்தான் இருக்கிறது. மேற்பக்கம் உரிந்த வட்டை விளக்கில் பிடித்தால் ஓட்டைகள் தெரியும். அந்த இடத்துப் படம் திரும்பாது. அடிப்பக்க அழுக்கை மட்டும் சோப்புத் தண்ணீரில் மையத்திலிருந்து வெளிநோக்கித் துடைத்து நீக்கலாம்.

விண்டோஸில் நேரடியாக நகலெடுத்தால் முதல் பிழையிலேயே வேலை நின்றுவிடும். ஐசோபஸ்டர் மென்பொருள் பிழையான பகுதியைத் தாண்டி மற்றதை எடுத்துத் தரும். ஒரு டிரைவ் படிக்காத வட்டை மற்றொன்று படிப்பது சாதாரணம். இரண்டிலும் முயன்று பார்க்க வேண்டும். மீட்ட படத்தை மறுபடி சுருக்கத் தேவையில்லை. டிவிடி வீடியோ விதி 352×288 எம்பெக்-1 படத்தை அப்படியே ஏற்கிறது. ஒலியை மட்டும் 44.1இலிருந்து 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும். இந்த முறையில் ஆறு விசிடிகள் ஒரே டிவிடியில் தரம் குறையாமல் அடங்கும்.

வெட்டுதலும் சுருக்குதலும்

வெட்டி ஒட்ட ஷாட்கட், கேடன்லைவ் ஆகிய இலவச மென்பொருள்கள் வீட்டுத் தேவைக்குப் போதுமானவை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஆற்றல் மிக்கது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அது தள்ளாடும். இரண்டு பக்கமும் நறுக்கினால் போதும் என்றால் அவிடெமக்ஸ், லாஸ்லெஸ்கட் ஆகியவை மறுபடி சுருக்காமலேயே வெட்டித் தரும்.

பழைய வீடியோவில் ஒவ்வொரு சட்டமும் இரண்டு பாதிகளாகப் பதிந்திருக்கும்: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். டிவிடிக்குச் செல்லும் படத்தில் இந்த இன்டர்லேஸ் அமைப்பை அப்படியே விட வேண்டும். எந்தப் பாதி முதலில் என்ற வரிசை மாறக் கூடாது. மினிடிவியில் கீழ்ப்பாதி முதலில் வரும். வரிசை மாறினால் நகரும் காட்சிகள் முன்னும் பின்னும் வெட்டி வெட்டி இழுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் வடம் இழுக்கும் கூட்டம் போன்ற ஒரு காட்சியை மட்டும் ஆர்டபிள்யூ வட்டில் எழுதி டிவியில் பார்த்தால் இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். போனுக்கும் ஸ்மார்ட் டிவிக்கும் போகும் எம்பி4 கோப்பில் மட்டும் யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் வடிகட்டியால் இரண்டு பாதிகளையும் விநாடிக்கு 50 முழுச் சட்டங்களாகப் பிரிக்கலாம்.

ஒற்றை அடுக்கு டிவிடியில் எத்தனை மெகாபிட் கொடுக்கலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, விண்டோஸ் இதை 4.37 என்று காட்டும், இரண்டும் ஒன்றே. மேற்செலவு போக, 600ஐ நிமிடங்களால் வகுத்தால் படமும் ஒலியும் சேர்ந்த வேகம் மெகாபிட்டில் வந்துவிடும்.

60 நிமிடம்: கணக்கு 10 என்று வரும், 8 போதும்
90 நிமிடம்: 6.7
120 நிமிடம்: 5
150 நிமிடம்: 4
180 நிமிடம்: 3.3

எல்லாக் காட்சிக்கும் ஒரே வேகம் பொருந்தாது. முக்காலியில் நிறுத்திய கேமராவில் எடுத்த மணமேடைக் காட்சி 4 மெகாபிட்டில் சுத்தமாக வரும். தேர்க்கூட்டமும், ராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோயில் அருவியும் அப்படியல்ல. நுரையும் இலையும் ஆயிரம் தலைகளும் ஒவ்வொரு சட்டத்திலும் மாறுவதால் சுருக்கும் முறை திணறி, கட்டம் கட்டமாகக் காட்டும். அத்தகைய வீடியோவுக்கு 7 அல்லது 8 மெகாபிட் ஒதுக்கி, ஒரு வட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சுற்றுச் சுருக்கம் என்ற தெரிவு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். முதல் சுற்றில் கடினமான இடங்களைக் கண்டறிந்து, இரண்டாம் சுற்றில் அங்கே அதிக பிட்டுகளை ஒதுக்கும்.

மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட்டை ஒரே வட்டில் அடக்க வேண்டும் என்றால் படத்தின் அகலத்தை 352 புள்ளியாகக் குறைத்து 352×576 என்ற அளவில் எழுதலாம். இதுவும் டிவிடி விதிக்கு உட்பட்டதே. விஎச்எஸ் நாடாவில் கிடைமட்டமாக ஏறத்தாழ 240 கோடுகளுக்கு மேல் விவரம் இல்லாததால் இதில் இழப்பு பெரிதாகத் தெரியாது. 720 அகலத்தில் 3.3 மெகாபிட் தருவதைவிட இது தெளிவாகவே இருக்கும்.

சுருக்கும் வேலையை எஃப்எஃப்எம்பெக் செய்யும். அதில் பால் டிவிடிக்கென்றே ஒரு முன்னமைவு உண்டு. ஹேண்ட்பிரேக் எம்பி4 போன்ற கோப்புகளைச் செய்ய மட்டும் பயன்படும். அது டிவிடி வீடியோவை உருவாக்காது, வட்டிலும் எழுதாது.

மெனு அமைத்தல்

சுருக்கிய கோப்புகளை மெனுவோடு டிவிடி வீடியோவாகக் கட்டுவதற்கு டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் உள்ளது. பணம் கொடுத்து வாங்குவதானால் கன்வர்ட்எக்ஸ்டுடிவிடி குறைந்த அமைப்புகளோடு வேலையை முடிக்கும். விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் இருந்த டிவிடி மேக்கர் பின்னர் நீக்கப்பட்டது. அதை நம்பி இருந்தவர்கள் டிவிடிஸ்டைலருக்கு மாறிக்கொள்ளலாம்.

கல்யாண வட்டில் நலங்கு, முகூர்த்தம், தாலி கட்டு, பந்தி, வரவேற்பு என்று அத்தியாயம் பிரித்து வைத்தால் ரிமோட்டில் தாவிப் பார்க்கலாம். மெனுவில் தமிழ் எழுத்தை நேரடியாகத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறக்கூடும். ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரேஆஃபிஸ் ஆகியவற்றில் ஒன்றில் யூனிகோடில் தட்டிப் படமாகச் சேமித்து, அந்தப் படத்தைப் பின்னணியாக வைப்பதே பாதுகாப்பானது. ஸ்டுடியோவிலிருந்து வந்த தலைப்புக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்து மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம். பழைய டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைப்பதால், எழுத்துகளை நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு உள்தள்ளி வைக்க வேண்டும்.

எழுதுதலும் சரிபார்த்தலும்

வட்டில் எழுத இம்க்பர்ன் இன்றும் போதுமானது. அதன் கடைசிப் பதிப்பு 2.5.8.0, 2013இல் வந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடுகிறது. நிறுவும்போது கூடவே வேறு மென்பொருளை ஏற்றக் கேட்கும் பதிப்புகள் சுற்றுவதால் ஒவ்வொரு திரையையும் படித்து மறுக்க வேண்டும். லினக்ஸில் கே3பி அதே வேலையைச் செய்யும். மேக்கில் ஃபைண்டரே ஐஎஸ்ஓ கோப்பை எழுதிவிடும்.

விண்டோஸின் உள்ளமைந்த வசதியில் ஒரு வட்டைத் திறந்ததும் இரண்டு தெரிவுகள் வரும். பென் டிரைவ் போல என்பதைத் தேர்ந்தால் அந்த வட்டு மற்ற பிளேயர்களில் ஓடாது. சிடி/டிவிடி பிளேயருக்கு என்பதையே தேர வேண்டும். அதுவும் கோப்புகளைத் தரவாக மட்டுமே வைக்கும். எம்பி4ஐ அதில் இழுத்துப் போட்டால் டிவிடி வீடியோ ஆகிவிடாது. டிவிடிஸ்டைலர் தரும் வீடியோ டிஎஸ் உறையையோ ஐஎஸ்ஓ கோப்பையோ இம்க்பர்னில் எழுதுவதே முறை.

ஒரு தடவை எழுதும் வட்டில் நடுவே மின்சாரம் போனால் அந்த வட்டு தீர்ந்தது. பஃபர் காலியாவதைத் தடுக்கும் வசதி கணினி தாமதிப்பதைத்தான் சமாளிக்கும், மின்தடையைச் சமாளிக்காது. மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும்; மடிக்கணினியானால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். பஞ்சாலைகள் சூழ்ந்த ராஜபாளையத்தில் பஞ்சுத் தூசி படியும் வீடுகளில் ரைட்டரை உறைபோட்டு வைப்பதும், லென்ஸில் தூசி சேராமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் தெரிவை அணைக்கக் கூடாது. வட்டின் ஒவ்வொரு பகுதியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தச் சோதனையில் தேறாத வட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற மென்பொருள் சில ரைட்டர்களில் பிழைகளின் எண்ணிக்கையை வரைபடமாகவே காட்டும். வட்டின் விளிம்பை நெருங்கும்போது கோடு செங்குத்தாக ஏறினால் அந்த வகை வட்டையோ வேகத்தையோ மாற்ற வேண்டும். பிறகு பார்க்கப்போகும் பிளேயரிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சட்டம் அனுமதிப்பது

தன் வீட்டு நிகழ்ச்சி வீடியோவைப் படியெடுப்பதில் சிக்கல் இல்லை. கடையில் வாங்கிய சினிமா டிவிடியின் பூட்டை உடைத்துப் பகிர்ந்துகொள்ளும் நோக்கில் படியெடுப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தால் சேர்ந்த பிரிவின் கீழ் குற்றமாகும். தமிழ்நாட்டில் இது இன்னும் கடுமை: குண்டர் சட்டம் என அறியப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களும் 2004இல் சேர்க்கப்பட்டார்கள். கல்யாண வீடியோவில் ஸ்டுடியோ ஒட்டிய சினிமாப் பாட்டு இருந்தால் அதை வீட்டில் பார்ப்பதில் தடையில்லை. யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் முடக்கவோ விளம்பரம் ஓட்டவோ முடியும்.

பாதுகாத்தல்

வட்டு மட்டுமே பாதுகாப்பு அல்ல. சுருக்காத மூலக் கோப்பு வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றிலும், எழுதிய வட்டு வீட்டிலும், இன்னொரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் இருக்க வேண்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரே மழையும் வெள்ளமும் இரண்டு ஊரையும் தொடக்கூடும். மூன்றாம் பிரதி கோவையிலோ சென்னையிலோ இருப்பது மேல்.

வட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. பசை ஒருபக்கம் இழுத்து வட்டை வளைக்கும், சுழலும்போது சமநிலையும் கெடும். வட்டுக்கென்றே உள்ள மார்க்கரில் தேதியும் நிகழ்ச்சியும் எழுதினால் போதும். உறையில் படுக்க வைக்காமல் பெட்டியில் நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகையிலும், வெயிலில் நிறுத்திய காரிலும் வட்டின் சாயம் விரைவில் மங்கும்.

தரவு வட்டாக எழுதும்போது டிவிடிசாஸ்டர் மென்பொருளால் பிழைதிருத்தத் தரவையும் சேர்த்துவைத்தால், பின்னாளில் கீறல் விழுந்தாலும் மீட்கலாம். வட்டு நிரம்பாத அளவுக்கு, ஐந்தில் ஒரு பங்கு இடத்தை அதற்கு ஒதுக்கினால் போதும். கோப்பின் ஹாஷ் எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வட்டைப் படித்து அந்த எண் மாறவில்லை என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் அன்றே மற்ற பிரதியிலிருந்து புதிய வட்டு எழுதிவிட வேண்டும். மூல கேசட்டை, இரண்டு பிரதிகள் இப்படிச் சரிபார்த்துத் தேறும்வரை தூக்கிப்போடக் கூடாது. தேறிய பிறகும், இடம் இருந்தால், ஈரமில்லாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்திருப்பது நல்லது.